பழைய தோட்ட வண்டியா, டீசல் உழவியந்திரமா?

அமெரிக்க நாட்டுப்புறத்திலே ஐந்தாறு ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறுபவருக்கு விரைவில் ஒரு கேள்வி எழுகின்றது. மலிவாகக் கிடைக்கும் பழைய தோட்ட உழவியந்திரம் போதுமா, அன்றிக் கடன்பட்டேனும் சிறிய டீசல் உழவியந்திரம் வாங்குவதா?

பலர் பரிவலுவை மட்டுமே ஒப்பிட்டு ஏமாறுகின்றனர். இரண்டிலும் இருபது பரிவலு என்றே எழுதியிருக்கலாம். ஆயினும் கலப்பையை இழுப்பதற்கு வண்டியின் பாரமும் வேண்டும். பாரங் குறைந்த வண்டியின் சில்லு, கொழு மண்ணிற் பதிந்ததும் நின்ற இடத்திலேயே சுழலும். புல்வெட்டுவதற்கென அமைந்த வண்டியை நாள்தோறும் உழவிற் பூட்டினால், எஞ்சினுக்கு முன்னரே பின்னச்சின் பற்சில்லுகள் தேய்ந்துவிடும். 1961இல் வெளிவந்த 'கப் கடெற்' போன்ற பழைய வண்டிகள் இதற்கு விலக்கு. அவற்றின் வார்ப்பிரும்புப் பின்னச்சு கமத்து வண்டியின் வழிவந்தது.

டீசல் வண்டியின் பின்புறத்திலே மும்முனைக் கொளுவியும், நிமிடத்துக்கு 540 முறை சுழலும் தண்டும் உள. ஆகவே மண்கிளறி முதலிய கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஆனால், முன்வாளியைப் பாரத்தோடு உயர்த்திச் சரிவிலே சென்றால் அது கவிழும். ஓட்டுபவர் நசுங்கி மாண்டதும் உண்டு. கவிழ்வைத் தாங்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும் இல்லாத பழைய டீசல் வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

புல்லும் சிறு காய்கறிப் பாத்தியும் மட்டுமெனின், தோட்ட வண்டியே சாலும். பார்க்கச் செல்பவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையிற் சென்று, தம் முன்னிலையிலேயே அதனை இயக்குவிக்க வேண்டும்.