போன மழைக்குக் கலந்த பெட்ரோல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. சாலையை அடைத்துக் கிடந்த மரங்களைத் துண்டு போட்டு வழிவிடச் செய்தது மரம் அறுக்கும் மெஷின். புயல் என்றாலே இன்று முதலில் தேடப்படும் கருவிகளில் அதுவும் ஒன்று. அவசரத்துக்கு எடுக்கும் அந்த நேரத்தில்தான் பல மெஷின்கள் பிஸ்டன் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன.

பழி வழக்கமாக வேலைப் பளுவின் மீது விழும். பெரும்பாலும் காரணம் டேங்கில் இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயிலை நம்பித்தான் பிஸ்டன், பேரிங், கிராங்க் எல்லாம் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 13,500 சுற்று சுற்றும் மெஷினில் வினாடிக்கு 225 முறை பெட்ரோல் எரிகிறது. அந்த வேகத்தில் ஆயில் சில நிமிடம் தவறினாலே பிஸ்டனுக்கு ஆபத்து.

பிடித்துப்போன மெஷினின் சைலன்ஸரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடந்தது புரியும். நல்ல பிஸ்டனில், கடைசலின்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். ஆயில் இல்லாமல் ஓடிய பிஸ்டனில் நகத்தால் பிறாண்டியது போல மேலிருந்து கீழாகக் கீறல்கள். நடுநடுவே அலுமினியம் இளகி அப்பிய திட்டுகள். ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு அசையாது. கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் அதிகச் சூடு, ஆயில் பற்றாக்குறை. கார்புரேட்டர் பக்கம் இருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போயிருக்கிறது.

கலவைக் கணக்கு எளிது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். 40:1 என்றால் 25. 25:1 என்றால் 40. எந்த அளவு என்பதை மெஷினோடு வரும் கையேடு சொல்லும். பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயில் இதற்கு ஆகாது. கடலோர வீடுகளில் படகு என்ஜினுக்கென்று வாங்கிய ஆயில் இருக்கலாம். அது தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கானது, காற்றால் குளிரும் மெஷினுக்குப் பொருந்தாது. ‘ஆயில் கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே’ என்று தாராளமாக ஊற்றுவதும் தவறு. ஆயில் கூடக்கூட கார்புரேட்டரின் அதே துளை வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. சைலன்ஸரில் கரி அடைக்கிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்களின் மெஷினும் பிடித்துக்கொள்ளக் காரணமாகும் இன்னொன்று, எத்தனால். 2022-ல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. ஆனால் சிறு என்ஜின்களுக்கான கையேடுகள் பலவும் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கின்றன.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூடி சரியாகப் பொருந்தாத கேன், மழையில் நனைந்த புனல், கடற்கரைக் காற்று எல்லாமே அதற்கு நீர் ஊட்டும். ஓர் அளவு வரை நீர் கலந்தே நிற்கும். அளவு தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷின் டேங்கில் உறிஞ்சு குழாயின் ஃபில்டர் கிடப்பது அடியில். என்ஜினுக்கு முதலில் போவது ஆயில் இல்லாத அடிநீர்தான். அளந்து ஊற்றிய 20 மில்லியால் அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை.

அன்றாடம் கலந்து அன்றே தீர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார்கள், அது சரிதான். ஆனால் புயலுக்கென்று வைத்திருக்கும் மெஷின் அன்றாடம் ஓடுவதில்லை. போன மழைக்குக் கலந்தது பாதிக் கேனாக மூலையில் கிடக்கும். அடுத்த புயல் இரவில் அதுவே டேங்குக்குள் போகும்.

கார்புரேட்டரிலும் எத்தனாலின் கை உண்டு. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த அதே திருகு நிலையில் 20 சதவீதக் கலப்பு ஓடினால் காற்று–பெட்ரோல் கலவை ஏறக்குறைய 7, 8 சதவீதம் லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. லீன் ஆன மெஷின் சுறுசுறுப்பாகக் கத்தும். ‘இன்னைக்கு மெஷின் நல்லா இழுக்குது’ என்று ஓட்டுபவர் மகிழும் நேரத்தில் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்யும் கார்புரேட்டர் டியூனிங்கில் வரிசை முக்கியம். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, செயினைத் தீட்டி, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பிறகு ‘எல்’ திருகு: ஆக்சிலேட்டரை அழுத்தியதும் திணறாமல் எழ வேண்டும். அடுத்து ‘எல்ஏ’ அல்லது ‘டி’ திருகு: ஐடிலிங்கில் செயின் சுற்றக் கூடாது. கடைசியாக ‘எச்’: முழு ஆக்சிலேட்டரில் சுமை இல்லாதபோது சத்தம் லேசாக உடைந்து உடைந்து வர வேண்டும், மரத்தில் இறங்கியதும் அது சீராக வேண்டும். சுமை இல்லாமலே வழவழவென்று கத்தினால் லீன். இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். எத்தனை முறை வைத்தாலும் டியூனிங் நிற்கவில்லை என்றால், கிராங்க் சீலிலோ கார்புரேட்டர் ரப்பரிலோ காற்று கசிகிறது. திருகை விட்டுவிட்டு அதைத்தான் தேட வேண்டும்.

வாங்கும் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவுக் குழலில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிற்கவிட்டால், எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கும். இரண்டும் பிரியும் கோடு 28-ஐ ஒட்டி நின்றால் 20 சதவீதக் கலப்பு. இதைத் தீயில்லாத திறந்த இடத்தில் செய்ய வேண்டும். மேலே நிற்கும் பெட்ரோலை மெஷினுக்கு ஊற்றக் கூடாது; எத்தனால் போனதும் ஆக்டேன் குறைந்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். அதற்கு முன்பே பழைய கேனைக் காலி செய்து, டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு மெஷினை வைக்கலாம். புதிதாகக் கலந்த கேனில் தேதி எழுதி ஒட்டினால், ஒரு மாதம் தாண்டியதை யாரும் தெரியாமல் டேங்கில் ஊற்ற மாட்டார்கள்.