குமுளிச் சாலையின் பன்னாட்டுப் பந்தி

பல நாட்டு உணவகங்கள் அடுத்தடுத்து அமைந்த தெருக்கள் பெரும்பாலும் துறைமுக நகரங்களிலோ, தலைநகரங்களிலோ, பழைய ஐரோப்பிய ஆட்சியின் மையங்களாக விளங்கிய ஊர்களிலோதான் தோன்றுகின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையும், பாரிசில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பேல் பகுதியும் அவ்வகையில் உருவானவையே. கடற்கரை இல்லாத, பெருநகரமும் இல்லாத தேனி மாவட்டத்தில் அத்தகைய தெரு எதுவும் இல்லை என்றாலும், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் மலையேறி மாநில எல்லையைக் கடந்தவுடன் வரும் குமுளியில், பெரியார் புலிகள் காப்பகத்தை நோக்கிச் செல்லும் தேக்கடிச் சாலை ஏறக்குறைய அந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. கேரளச் சாப்பாடும் தமிழ்நாட்டுப் பரோட்டாவும், வடஇந்திய ரொட்டியும் சீனப் பெயர் தாங்கிய நூடுல்சும், இத்தாலியப் பாஸ்தாவும் அரபு நாட்டு மந்தியும் நடந்து செல்லும் தொலைவுக்குள் கிடைக்கும் இச்சாலை அமைந்த வரலாறும், அங்கு உண்ணப்படும் பொருள் வந்து சேரும் வழியும், அதன் பெயர்ப்பலகைகளைவிடச் சுவையானவை.

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் குமுளியை அடைகிறது. லோயர்கேம்ப் வரை நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமாகச் சமவெளியில் ஓடும் சாலை, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கி, சில கிலோமீட்டருக்குள் பயணியை வேறொரு தட்பவெப்பத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. மீட்டர்பாதை அகற்றப்பட்டபின் நின்றுபோயிருந்த தேனியின் ரயில் சேவை 2022 மே மாதத்தில் அகலப்பாதையில் மீண்டும் தொடங்கி, 2023 ஜூன் மாதத்தில் போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்டதால், சென்னை, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து வருவோருக்கும் இப்பயணம் எளிதாகியுள்ளது.

அணையால் வந்த தெரு

தேக்கடிச் சாலையின் தோற்றத்துக்கு மூலகாரணம் முல்லைப்பெரியாறு அணை ஆகும். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்குக் கொணர்வதற்காகத் திருவிதாங்கூர் அரசும் ஆங்கிலேய அரசும் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கிய கட்டுமானம் 1895இல் நிறைவடைந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலத்தை ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் இருபோக நிலமாக்கியது. அணைக்குப் பின்னே தேங்கிய நீர் தேக்கடி ஏரியாயிற்று.

அந்த ஏரியைச் சூழ்ந்த காட்டில் 1934இல் வேட்டை தடைசெய்யப்பட்ட வனப்பகுதியும், 1950இல் பெரியார் வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தன. 1978இல் அது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கரைக்கு வரும் யானைக் கூட்டத்தைப் படகிலிருந்தே காணலாம் என்ற செய்தி பரவியபோது உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் வரத் தொடங்கினர். ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ் போன்ற கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் காப்பக எல்லைக்குள் இருந்தபோதிலும், பாதுகாக்கப்பட்ட காட்டில் தனியார் கட்டடங்கள் பெருக வழியில்லை என்பதால், தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நறுமணப்பொருள் கடைகளும் காஷ்மீரிக் கைவினைக் கடைகளும் வனச் சோதனைச்சாவடிக்கு வெளியே, குமுளி ஊரையொட்டிய சாலையிலேயே நெருங்கி அமைந்தன. காட்டைக் காக்கும் சட்டமே கடைத்தெருவை ஓரிடத்தில் திரட்டித் தந்தது எனலாம்.

தட்டில் தெரியும் குடியேற்றங்கள்

இச்சாலையின் உணவை வெளிநாட்டுணவு, உள்ளூருணவு என இரண்டாகப் பிரிப்பது எளிதாகத் தோன்றினாலும், தட்டில் இருப்பதை ஆராய்ந்தால் அக்கோடு மங்கிவிடுகிறது. கேரள உணவின் அடையாளமாகக் கருதப்படும் கப்பா, அதாவது மரவள்ளிக்கிழங்கு, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனதால் ஏழை மக்களின் பசியாற்றியது இந்தக் கிழங்கே. அதே உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1940களில் மலைநிலங்கள் சாகுபடிக்குத் திறந்துவிடப்பட்டபோது, மத்திய திருவிதாங்கூரைச் சேர்ந்த சிரியன் கிறித்தவக் குடும்பங்கள் பெருமளவில் இடுக்கி மலைகளில் குடியேறின. குடம்புளி சேர்த்த மீன்கறியும், வேகவைத்த கப்பாவும், அப்பமும் முட்டை ரோஸ்டும் இன்று குமுளியின் காலை, மதிய உணவாக நிலைபெற்றிருப்பதில் அக்குடியேற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர்களுக்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டிலிருந்து, கங்காணிகள் எனப்பட்ட ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் மூலமாகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வந்தனர். இன்றும் கம்பம், கூடலூர், போடி, தேவாரம் ஆகிய ஊர்களிலிருந்து விடியலுக்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. இட்லி, தோசை, பரோட்டா, சால்னா, தயிர்ச்சோறு ஆகியவை இச்சாலையில் சுற்றுலாவுக்காக வந்தவை அல்ல. உழைப்பவர் பசிக்காக வந்து பின்னர் பயணிகளுக்கும் பரிமாறப்பட்டவை. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் பக்தர்களுக்காகச் சைவ உணவகங்களின் அடுப்பு இரவிலும் எரிகிறது.

சீன உணவு எனப் பட்டியலிடப்படும் கோபி மஞ்சூரியனின் கதை இன்னும் விசித்திரமானது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரரான நெல்சன் வாங் 1975இல் மும்பையில் உருவாக்கியதாக அறியப்படும் கோழி மஞ்சூரியனின் சைவ வடிவம் அது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயுடன் சோயா சாறும் சோளமாவும் சேர்ந்த அந்தக் குழம்பு சீனாவில் பிறந்ததில்லை. மேலைநாட்டுப் பயணிகளுக்காகச் செய்யப்படும் பாஸ்தாவும் வாழைப்பழ பான்கேக்கும் அவ்வாறே இங்குள்ள பால், முட்டை, வாழை, தக்காளி ஆகியவற்றுக்கு ஏற்ப மாறியவை.

வளைகுடாவிலிருந்து வந்த மணம்

சுற்றுலாப் பயணி கொண்டுவந்த உணவு ஒருபுறமிருக்க, வேலைக்காக வெளிநாடு சென்றவர் திரும்பக் கொண்டுவந்த உணவு இச்சாலையில் அண்மைக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகியபோது கேரளத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் அங்கு சென்றனர். அவர்களோடு அந்நாடுகளின் சமையலும் ஊர் திரும்பியது. செங்குத்தான கம்பியில் செருகிய இறைச்சி அடுக்கைச் சுழலவிட்டு, வெந்த பகுதியைச் சீவி ரொட்டியில் சுருட்டித் தரும் ஷவர்மாவும், கரியடுப்பில் வாட்டும் அல்ஃபாம் கோழியும், ஏமன் நாட்டின் ஹத்ரமௌத் பகுதிக்குரிய மந்தியும் அவ்வாறு வந்தவை. குழியடுப்பில் அரிசியின் மேல் இறைச்சியைத் தொங்கவிட்டு, ஒழுகும் சாறு அரிசியில் இறங்குமாறு மூடிவைத்துச் சமைப்பதால் கேரளத்தில் அதற்குக் குழிமந்தி என்ற பெயர் நிலைத்தது.

கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் நெடுங்காலமாக வாழும் ராவுத்தர் சமூகத்தாரின் பிரியாணி மரபோடு மந்தியை ஒப்பிட்டால், இரண்டுமே அரிசியும் இறைச்சியும் ஒன்றாக வேகும் உணவுகள் என்றபோதிலும், பிரியாணி மசாலாவின் செறிவையும் மந்தி இறைச்சிச் சாற்றின் மென்மையையும் நம்பி நிற்பது விளங்கும். வளைகுடாவின் தாக்கம் எல்லையோடு நின்றுவிடவில்லை. தேனி, கம்பம் நகரங்களின் மாலைநேரக் கடைகளிலும் ஷவர்மா இடம்பிடித்துவிட்டது.

உலகம் தேடிவந்த ஏலமலை

இம்மலைத்தொடருக்கு உலகத் தொடர்பு புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட மிளகு, ரோமானியர் காலத்திலேயே முசிறித் துறைமுகம் வழியாக மேற்கே சென்றது. முசிறியிலிருந்து வந்த சரக்குக்கான கடன் ஒப்பந்தத்தைக் கூறும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் இன்றும் வியன்னாவில் உள்ளது. ஏலமலை என்றே பெயர்பெற்ற இப்பகுதியின் ஏலக்காய், வண்டன்மேடு, புத்தடி, போடிநாயக்கனூர் ஆகிய இடங்களின் வழியாக வணிகத்துக்கு வருகிறது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் போடி ஒன்றாகும். அரபு நாடுகளில் விருந்தினருக்குத் தரும் காவா எனும் காப்பியும், ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் இனிப்பு ரொட்டிகளும் ஏலக்காய் இன்றி முழுமை பெறுவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலச்செடி குவாத்தமாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்நாடு உலகின் முதன்மை ஏற்றுமதியாளராக வளர்ந்ததால், போடியில் கூறப்படும் விலை நடு அமெரிக்காவின் மழையையும் சார்ந்ததாக மாறிவிட்டது. தேக்கடிச் சாலையில் ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கும் வெளிநாட்டவர், தம் நாட்டுச் சமையலறைக்குப் பழக்கமான ஒரு பொருளை அதன் பிறப்பிடத்தில் சந்திக்கிறார்.

பள்ளத்தாக்கின் கூடை

இவ்வளவு நாட்டு உணவுகளுக்கும் அடித்தளமான காய்கறி, பழம், அரிசி ஆகியவற்றில் பெரும்பகுதி கீழே இருந்து ஏறிவருகிறது. ஏலம், மிளகு, தேயிலை, காப்பி போன்ற பணப்பயிர்களே மலையில் மிகுதி என்பதால், தக்காளி, கத்தரி, பீட்ரூட், முருங்கை, வாழை ஆகியவற்றுக்குக் குமுளி கம்பம் பள்ளத்தாக்கையே நம்பியுள்ளது. ஆண்டு முழுவதும் மாறிமாறி அறுவடையாகும் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் குறிப்பிட்ட ஊரின் தனித்தன்மை உடையது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு, வழங்கப்பட்டது.

இந்த உறவின் வலிமை, அது அறுந்த நாட்களில் வெளிப்பட்டது. மாநிலங்கள் 1956இல் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல், பீர்மேடு வட்டத்தின் பகுதியான குமுளி கேரளத்தில் நிலைத்தது. முல்லைப்பெரியாறு அணை குறித்து 2011 டிசம்பரில் எழுந்த போராட்டத்தில், பள்ளத்தாக்கிலிருந்து பல்லாயிரம் பேர் குமுளி எல்லையை நோக்கித் திரண்டதால் போக்குவரத்து முடங்கியது. மேலே காய்கறிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, கீழே விளைச்சல் தேங்க, தோட்டங்களில் ஆளின்றிப் பணி நின்றது. ஒரே சந்தையாக இயங்கும் நிலப்பகுதியை ஆட்சி எல்லை இரண்டாகக் காட்டுகிறது என்பதை அந்த நாட்கள் இருபுறத்தாருக்கும் உணர்த்தின.

ஆயினும் தேக்கடிச் சாலையின் உணவுப்பட்டியல்களில் இத்தாலியும் சீனமும் அரபு நாடும் பெயர்பெறும் அளவுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பெயர்பெறுவதில்லை. இதற்கு விதிவிலக்கான முயற்சிகளும் உண்டு: குமுளியின் ஸ்பைஸ் வில்லேஜ் விடுதி, 50 மைல் தொலைவுக்குள் விளையும் பொருள்களைக் கொண்டே சமைப்பது என்ற கொள்கையில் ஓர் உணவகத்தை அமைத்தது. 50 மைல் என்பது ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் கம்பத்தின் திராட்சையும் சின்னமனூரின் வாழையும் போடியின் ஏலக்காயும் அடங்கிவிடுகின்றன. வீட்டுத் தங்குவிடுதிகளில் பயணிகளுக்குச் சமையல் கற்பிக்கும் வழக்கமும் பரவியுள்ள நிலையில், விளைந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பரிமாறுவதற்குப் புதிய முதலீடு எதுவும் தேவைப்படுவதில்லை. தேயிலை விற்பனையில் தோட்டத்தின் பெயரும், திராட்சை மதுவில் விளைந்த வட்டாரத்தின் பெயரும் விலையை உயர்த்தும் காலம் இது. இச்சாலையில் உண்ணவரும் தமிழ்ப் பயணி ஏமன் நாட்டு மந்தியைச் சுவைப்பதோடு, சாறாகவும் பொரியலாகவும் தம்முன் வைக்கப்படுபவை எந்த ஊரில் விளைந்தவை என்றும் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் அதைப் பட்டியலில் எழுதுவார். பட்டியலில் ஏறிய பெயருக்குச் சந்தையில் கூடுதல் விலை கேட்கும் உரிமை உழவருக்கு வரும்.