வெல்ல அடுப்பின் பழைய புகைபோக்கியில் அடைப்பு நீக்கும் விதம்

கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சும் விவசாயிகள் ஆலையையும் கொப்பரையையும் பருவந்தோறும் செப்பனிடுகின்றனர். புகைபோக்கியையோ பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அது அடைபட்டால் காற்றின் இழுப்புக் குறைந்து சக்கை எரியாமல் புகைகிறது. பாகு, இறக்கும் பதமாகிய சுமார் 118 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை அடைய வெகுநேரமாகிறது. சாறு நெடுநேரம் காய்வதால் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்து, வெல்லம் கறுத்து, இறுகாமல் கசிகிறது. அன்றியும், கொட்டகைக்குள் திரும்பும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. அடுப்பருகே உறங்குவோரின் உயிரையும் அது போக்கிவிடும்.

அடைப்பு நேரும் காரணங்கள்

புதுச் சக்கையின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. அதனை உலர்த்தாது எரித்தால், புகையிலுள்ள தார் குளிர்ந்த மேற்சுவரிற் படிந்து நாளடைவில் கண்ணாடிபோல் இறுகும். பறக்கும் சாம்பல், புகைவழி திரும்பும் மூலையிற் குவியும். ஆலை ஓடாத மாதங்களிற் பறவைகளும் அணில்களும் கூடு கட்டும். பழங்காரை உதிர்ந்து செங்கல் உள்ளே விழுவதும் உண்டு.

நீக்கும் முறை

1. அடுப்பை அணைத்து இரண்டு நாளேனும் ஆறவிடுக. சுவர் சாய்ந்தோ வெடித்தோ இருப்பின் அதன்மேல் ஏணி சாத்தலாகாது. கொத்தனாரைக் கொண்டு முதலிற் சோதிக்க.

2. அடிப்புறத்துச் சாம்பலை முற்றும் வாருக. பல இடங்களில் அடைப்பு இம்மூலையிலேயே இருக்கும்.

3. பின்னும் வெளிச்சம் தெரியாவிடில், முடிச்சிட்டு அளவு குறித்த கயிற்றில் சிறு கல்லைக் கட்டி மேலிருந்து இறக்குக. அடைப்பு எத்தனை அடி ஆழத்திலுள்ளது என்பது இதனால் விளங்கும்.

4. அடுப்பின் வாயை ஈரச் சாக்கினால் மூடுக. கயிற்றின் நுனியில் கம்பித் துடைப்பமும் அளவான பாரமும் கட்டி, மேலும் கீழும் சிறிது சிறிதாக இழுக்க. கனத்த இரும்பை ஓங்கிப் போட்டால் பழஞ்சுவர் இடியும். அச்சமயம் கீழே எவரும் நிற்கவோ, உள்ளே நுழையவோ கூடாது.

5. இறுகிய தார் இதற்கும் இணங்காவிடில், அதனைத் தீயிட்டு எரிக்க முயலலாகாது. அத்தீயின் கடும் உஷ்ணத்தாற் சுவர் வெடிக்கும். பொறி பறந்து சக்கைப் போரும் கூரையும் பற்றும். முன் அளந்த உயரத்தில் வெளிப்புறமாக இரண்டொரு செங்கற்களைக் கொத்தனார் பெயர்த்து, உளியாற் சுரண்டி, மீண்டும் வைத்துப் பூசுவதே உத்தமம்.

6. பூச்சு நன்கு உலர்ந்தபின் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்துக. புகை தடையின்றி மேலேறினால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

மீண்டும் அடையாதிருக்க

வெயிலில் நன்றாய்க் காய்ந்த சக்கையையே எரிக்க வேண்டும். பருவ முடிவில் புகைபோக்கியின் வாயைத் தகட்டினால் மூடி, அடுத்த பருவத்தில் தீ மூட்டுமுன் மறவாது எடுக்க வேண்டும். கிராம அதிகாரிகள் ஆலையாட்டம் தொடங்குமுன் கொட்டகைகளைப் பார்வையிட்டு, சக்கைப் போர் அடுப்புக்கு எட்ட இருக்கச் செய்வாராயின் தீவிபத்துக்கள் குறையும். இரண்டொரு நாள் உழைப்பினால் எரிபொருளும் வெல்லத்தின் தரமும் மனித உயிரும் காக்கப்படுமென்பதை யாவரும் நினைவிற் கொள்வார்களாக.