திரைப்பட வசனமும் பொதுமேடையும்

நாட்டிலே கருத்துப் பரவும் வழிகளை ஆராய்வோர் பத்திரிகையையும் மேடையையும் முதற்கண் கூறுவர். படக்காட்சியை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாதென்பதற்குத் தமிழகத்தின் அரசியல் வரலாறே போதிய சான்றாகும்.

திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய 1949ஆம் ஆண்டிலேயே சி. என். அண்ணாதுரையின் 'வேலைக்காரி' திரைப்படமாக வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின், 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று, மு. கருணாநிதி வசனந் தீட்டிய 'பராசக்தி' வந்தது. ஈழத்துத் திரையரங்குகளிலும் ஓடிய அப்படத்தின் நீதிமன்றக் காட்சியை அறியாதார் நம்முள் அரியர். கூண்டிலே நிற்கும் குணசேகரன் பூசாரியைத் தாக்கியதை மறுக்கின்றானல்லன். தன்னை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயத்தின்மீதே குற்றஞ் சுமத்துகின்றான். அதுகாறும் பாட்டுக்கே முதன்மை தந்துவந்த தமிழ்ப்படத்திலே பேச்சு அரியணை ஏறிற்று. அவ்வசனங்களைச் சென்னை மூர் மார்க்கெட்டருகே ஒப்புவித்துக் காசு பெற்றோரும் உளர். மேடையேற விரும்பிய இளைஞர் அவற்றை மனப்பாடஞ் செய்தனர். எதுகை மோனையும் அடுக்குமொழியும் மேடைப்பேச்சின் இலக்கணமே ஆயின. பெரும்பாலோர் எழுத்தறியாதிருந்த அக்காலத்தில், பத்திரிகை புகாத சிற்றூரிலும் கூடாரக் கொட்டகை வாயிலாக இத்தமிழ் புகுந்தது. இது சிறு காரியமன்று.

ஆயினும், சொற்போர் பழகும் நம் மாணவர் இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். கல்லூரி மன்றத்திலே ஒருவர் பேசி அமர்ந்ததும் எதிரணியார் எழுவர். திரையிலே அங்ஙனம் எழுவாரில்லை. வாதியின் கூற்று, பிரதிவாதியின் கூற்று, நீதிபதியின் மௌனம் ஆகிய யாவும் ஒருவர் பேனாவினின்றே பிறக்கின்றன. கேட்போர் கைதட்டலாம், எழுந்து போகலாம், வினவுதல் இயலாது. அக்காலத்தே அப்படத்தைத் தடைசெய்க என்று குரல் எழுப்பியோரும் இருந்தனர். தடை விடையாகாது என்பதே எம் கருத்து. கோயிலொழுக்கம் பற்றிய வினாவுக்கு வினாவெழுப்பியோர் மொழியிலேயே மறுமொழி தந்திருத்தல் வேண்டும்.

1967இல் அண்ணாதுரையும் 1969இல் கருணாநிதியும் முதலமைச்சராயினர். இருவரும் வசனம் எழுதியோர். 1977இல் எம். ஜி. இராமச்சந்திரனும் 1991இல் ஜெ. ஜெயலலிதாவும் அப்பதவியை எய்தினர். இவர்கள் எழுதிக்கொடுத்ததைப் பேசி நடித்தோர். எழுத்தினின்றும் முகத்துக்குச் செல்வாக்கு இடம்பெயர்ந்தமை இதனால் விளங்கும். ஆனால், இதனையும் எல்லார்க்கும் பொதுவிதியாகக் கொள்ளுதல் கூடாது. குணசேகரனாகத் தோன்றி அவ்வசனங்களை முதன்முதற் பேசிய சிவாஜி கணேசன், தாமே தொடங்கிய கட்சியின் சார்பில் 1989இல் திருவையாற்றுத் தொகுதியிலே போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.