ரோட்டவேட்டர் கத்திக்குக் கடினப் பூச்சு... உள்ளூர்ப் பட்டறையிலேயே போடலாம்!

ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயார் செய்யும் நேரத்தில் ரோட்டவேட்டர் கத்திகள் தேய்ந்துபோனால் இரட்டைச் செலவு. புதுக் கத்தி வாங்கினால் அதற்குப் பணம். தேய்ந்ததை வைத்தே ஓட்டினால் டீசலுக்குப் பணம். மண்ணும் சரியாகப் பொடியாகாது.

கத்தியைத் தேய்ப்பது மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள், கத்தி செய்யும் எஃகைவிடக் கடினமானது. அதனால்தான் கரிசலைவிட மணல் கலந்த செம்மண்ணில் கத்தி சீக்கிரம் தேய்கிறது. இதற்கு ஒரு வழி, விளிம்பில் கடினப் பூச்சு போடுவது. பட்டறைகளில் இதை 'ஹார்டுஃபேசிங்' என்பார்கள். இதற்கென்றே விற்கும் குரோமியம் கார்பைடு ராடால் வெல்டிங் வைத்தால், பீங்கான் போன்ற கடினமான படலம் விளிம்பில் படியும்.

எப்படிப் போடுவது?

புதுக் கத்தியிலேயே போடுவது நல்லது. கத்திகளைக் கழற்றித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். கருவியோடு வைத்துச் செய்தால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். பெயின்ட், துரு, எண்ணெய் போகக் கிரைண்டரால் சுத்தம் செய்யவும். மண்ணை வெட்டும் விளிம்பில், ஒரு பக்கம் மட்டும், ஒரே படலமாகப் போட்டால் போதும். மறுபக்கம் தேயத் தேய, விளிம்பு தானே கூராகும்.

கத்தி ஏற்கெனவே பதம் போட்டது. ஒரேயடியாகச் சூடேற்றினால் பதம் போய்விடும். எனவே, கரன்டைக் குறைத்து, சிறு சிறு கோடுகளாக விட்டுவிட்டு வைக்க வேண்டும். தண்ணீரில் முக்காமல், தானாக ஆறவிடவும். வளைவிலும் போல்ட் துளை அருகிலும் வெல்டிங் கூடவே கூடாது. அங்கே விரிசல் விட்டால், ஓடும்போது கத்தி முறிந்து தெறித்து ஆளையே காயப்படுத்தும்.

குரோமியம் புகை நுரையீரலுக்குக் கேடு. திறந்தவெளியில், புகை முகத்தில் அடிக்காதபடி நின்று, முகக்கவசத்தோடு வேலை செய்ய வேண்டும்.

லாபமா என்று பாருங்கள்

சரளை, கல் நிலத்தில் பூச்சு பெயர்ந்துவிடும்; அங்கே வேண்டாம். மற்ற நிலங்களில் முதலில் ஒரு பிளேட்டில் உள்ள கத்திகளுக்கு மட்டும் போட்டு, எடை குறித்துக்கொள்ளுங்கள். பூச்சில்லாத பக்கத்துப் பிளேட்டுக் கத்திகளையும் எடை போடுங்கள். சில ஏக்கர் ஓட்டியபின் மீண்டும் எடை போட்டால், எது எவ்வளவு தேய்ந்தது என்பது தெரிந்துவிடும். ராடு விலை, கூலியோடு ஒப்பிட்டு, மிச்சம் இருந்தால் மொத்தக் கத்திக்கும் போடலாம்.

கத்தி மாட்டும்போது டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.