பால் கணக்குத் தெரிந்தால் பாயிண்ட் கணக்கும் தெரியும்!

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வரையில் மார்க் விவகாரம் நமக்குப் புரிந்ததாகவே இருக்கிறது. நூற்றுக்கு 78 என்றால் 78. அடுத்த வீட்டுப் பையன் 81 வாங்கியிருந்தால் நம் வீட்டில் இரண்டு நாள் முகம் தொங்கும், அவ்வளவுதான். காலேஜில் சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. ரிஸல்ட்டில் நூறையே காணோம்! ஓ, ஏ பிளஸ், பி என்று எழுத்துகள் மட்டும் வருகின்றன. பிள்ளை செல்போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு "ஜி.பி.ஏ. 7.59 அம்மா" என்கிறது. "ஏழரையா? அந்த நம்பரே நமக்கு ஆவாதேடி!" என்றார் என் மாமியார். சனி பகவானுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சகோதரிகளே, இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பால் சொஸைட்டியில் பால் ஊற்றிய கை நம்முடையது. எங்கள் காவாந்தண்டலத்தில் சொஸைட்டி கணக்கு தெரியாத பெண்பிள்ளையைப் பார்ப்பது அரிது. பசு 4 லிட்டர் கறக்கிறது, கொழுப்பு 3.5. எருமை 1 லிட்டர்தான், கொழுப்பு 7. இரண்டையும் ஒரே கேனில் ஊற்றினால் கொழுப்பு என்ன? மூன்றரையையும் ஏழையும் கூட்டிப் பாதியாக்கி "ஐந்தேகால்" என்று சொன்னால் சொஸைட்டிக்காரர் சிரிப்பார். 4 லிட்டருக்குப் பதினான்கு, 1 லிட்டருக்கு ஏழு, ஆக 21. அதை 5 லிட்டரால் வகுத்தால் 4.2. அதுதான் நிஜம்.

ஜி.பி.ஏ.யும் இதேதான். லிட்டருக்குப் பதில் 'கிரெடிட்', கொழுப்புக்குப் பதில் 'கிரேடு பாயிண்ட்'. வாரத்தில் ஒரு மணி வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட்; ஆய்வகமானால் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். கிரேடு பாயிண்ட் மார்க்கைப் பொறுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி 91-க்கு மேல் ஓ, அதாவது 10 பாயிண்ட். 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8, 61 முதல் 70 வரை 7, 56 முதல் 60 வரை 6, 50 முதல் 55 வரை 5. ஐம்பதுக்குக் கீழே 'யு'. (வேறு விதிமுறையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது மாறும். ஆகவே, "உனக்கு எந்த வருஷத்து ரெகுலேஷன்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

என் மகளின் முதல் ஸெமஸ்டரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 22 கிரெடிட். கணிதம் 4 கிரெடிட், அதில் 5 பாயிண்ட்: 20. ஆங்கிலம் 3 கிரெடிட், 9 பாயிண்ட்: 27. பிஸிக்ஸ் 3, 6 பாயிண்ட்: 18. கெமிஸ்ட்ரியும் பைத்தானும் மும்மூன்று கிரெடிட், இரண்டிலும் 7: ஆக 42. 'தமிழர் மரபு' என்று ஒரு கிரெடிட் பாடம், அதில் 10. ஆய்வகங்கள் மூன்று சேர்ந்து 5 கிரெடிட், எல்லாவற்றிலும் ஓ: 50. கூட்டினால் 167. அதை 22-ஆல் வகுத்தால் 7.59.

இதையே ஒன்பது பாடங்களின் பாயிண்டையும் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், 8.22 வரும். பல வீடுகளில் இப்படித்தான் கணக்குப் போட்டுவிட்டு, "எட்டுக்கு மேல வரணுமே, காலேஜ்ல தப்பாப் போட்டுட்டாங்க" என்று குறைப்படுகிறார்கள். ஒரு கிரெடிட் ஆங்கில ஆய்வகத்தில் ஓ நழுவி ஏ பிளஸ் ஆனால் 7.59 என்பது 7.55 ஆகும், அவ்வளவே. 4 கிரெடிட் கணிதத்தில் 5 பாயிண்ட் 8 ஆனால் 8.14! ராத்திரி கண் விழிக்கிறதென்றால் எதற்கு விழிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல இந்த ஒரு கணக்கே போதும்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே முதலில் நம்ப முடியாததாக இருந்தது. இதே ஸெமஸ்டரில் கணிதத்தில் தோற்றுப்போன பெண்ணுக்கு ஜி.பி.ஏ. என்ன? குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, ஏறும்! 'யு' வந்த பாடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 147-ஐ 18-ஆல் வகுக்கிறார்கள்: 8.17. பாஸான பெண்ணுக்கு 7.59, ஃபெயிலான பெண்ணுக்கு 8.17. எப்படி இருக்கிறது பார்த்தீர்களா!

இந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் தெருவில் ஒரு குடும்பமே கலங்கிப் போயிற்று. அந்தப் பெண் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-இல் இன்ஜினீயரிங்குக்கும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஃபீஸ் அரசாங்கமே கட்டுகிறது. வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் ஸெமஸ்டர் முடிந்து "6.93" என்றாள். வீட்டில் சந்தோஷம். பத்து நாள் கழித்து அரியர் பரீட்சைக்குப் பணம் கேட்டபோதுதான் கணிதமும் பிஸிக்ஸும் போயிருப்பது தெரிந்தது. "இன்னாக்கா, ஆறு புள்ளி தொண்ணூத்திமூணுன்னு சொன்னா. இப்ப பார்த்தா ரெண்டு பாடம் போச்சாம். பொய் சொல்ற பொண்ணுக்குக் காலேஜ் எதுக்குன்றாரு அவங்கப்பா. மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிட்டாரு" என்று அவள் அம்மா என்னிடம் வந்து அழுதாள்.

பெண் பொய் சொல்லவில்லை. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் எழுதிக் காட்டினேன். தேறிய பாடங்கள் 15 கிரெடிட், பாயிண்ட் 104. வகுத்தால் 6.93, சரிதான். ஆனால் 22-இல் 7 கிரெடிட் இன்னும் பாக்கி. இரண்டிலும் சுமாராக 5 பாயிண்ட் எடுத்துத் தேறினால் 139-ஐ 22-ஆல் வகுத்து 6.32. நான்கு வருஷத்தில் எடுக்க வேண்டிய 160 சொச்சம் கிரெடிட்டில் இந்த ஏழு எவ்வளவு? அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் கணக்குப் படித்த பெண் இங்கிலீஷில் எழுதிய முதல் பரீட்சை அது என்பதையும் சொன்னேன். மாப்பிள்ளைப் பேச்சு நின்றது. பிஸிக்ஸ் அடுத்த முறையே தேறியது. கணிதம் இன்னொரு முறை இழுத்தது. இப்போது அவளுக்கு அரியர் கிடையாது.

ஆகவே, "எவ்வளவு பாயிண்ட்?" என்ற கேள்வியோடு "எத்தனை கிரெடிட் கைக்கு வந்தது?" என்றும் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம். அதட்டினால் எண் மட்டும்தான் வரும். கணக்குக் கேட்பதில் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துக்குப் பழைய பெருமை உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே கதிதான். பாவம், நம் பிள்ளைகளிடம் அவ்வளவு கடுமை காட்ட வேண்டாம்!

ஃபெயில் ஆவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தத்தில் 50 வேண்டும். கூடவே ஸெமஸ்டர் பரீட்சையில் தனியாக நூற்றுக்கு 45 வேண்டும். தியரிப் பாடத்தில் உள்மதிப்பீடு 40, பரீட்சை 60. உள்மதிப்பீட்டில் 36 வாங்கிய பிள்ளை பரீட்சையில் நூற்றுக்கு 40 எடுத்தால் அது 24 ஆகும், கூட்டினால் 60. ஆனாலும் ஃபெயில்! "இன்டர்னல் நல்லா இருக்கு, பாஸ் ஆயிடுவேன்" என்று பிள்ளை மெத்தனமாக இருந்தால் இதைச் சொல்லி எழுப்புங்கள்.

அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். என் நாத்தனார் மகன் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் பி.காம். அது சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே மார்க்கைப் பத்தால் வகுத்ததே பாயிண்ட். 81 வாங்கினால் 8.1, 89 வாங்கினால் 8.9. அண்ணாவில் 81-க்கும் 90-க்கும் ஒரே 9தான். 90-க்கும் 91-க்கும் நடுவில் ஒரு முழுப் பாயிண்ட் பள்ளம். சென்னையில் 7.5-க்கே டிஸ்டிங்ஷன், அண்ணாவில் 8.5 வேண்டும். இரண்டு இடத்திலும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவனுடைய 7.8-ஐயும் என் மகளின் 7.8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசிய கல்யாண வீட்டுப் பேச்சுகளை எண்ணினால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

எல்லா ஸெமஸ்டரையும் ஒரே கேனில் ஊற்றினால் அது சி.ஜி.பி.ஏ. கேன் நிறைய நிறையக் கொழுப்பு மாறுவது கஷ்டம். இரண்டு வருஷத்தில் 90 கிரெடிட் முடித்து 7.6-இல் நிற்கிற பிள்ளை, 160 கிரெடிட்டில் 8 தொட வேண்டுமானால் மீதி 70 கிரெடிட்டில் சராசரி 8.51 எடுக்க வேண்டும். உழைத்தால் நடக்கும். 8.5 தொட வேண்டுமானால் 9.66! அதைக் கேட்டுப் பிள்ளையை வதைப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். வேலை விண்ணப்பத்தில் "சதவீதம்" கேட்பார்கள். பத்தால் பெருக்கிவிடு என்பார் ஒருவர்: 7.75 என்பது 77.5. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2017 வரை இருந்த கணக்கை வைத்து 9.5-ஆல் பெருக்கு என்பார் இன்னொருவர்: 73.6. ஏ.ஐ.சி.டி.இ. கைப்புத்தக அட்டவணைப்படி அதே 7.75 என்பது 70. எந்தக் கணக்கு நம் பிள்ளைக்குச் செல்லும் என்பதைக் காலேஜ் ஆபீஸில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, கிரேடு ஷீட்டுகள் இருக்கிற அதே உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள்.