வைரம் மட்கிய கட்டையில் ஒரு வாழ்வு

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் ஒரு காலத்தில் பைன் காடுகள் பரந்து கிடந்தன. அங்கே ஸ்காட்ஸ் பைன் மரம் முந்நூறு ஆண்டுகள்கூட நின்று முதிரும். முதிர்ந்த மரத்தின் வைரத்தைப் பூஞ்சை தின்று மெத்தென்று ஆக்கிவிடும். சூறைக்காற்றில் மரம் முறிந்து விழும்போது, மிஞ்சும் அடிக்கட்டையின் நடுவே குழி விழும். அதில் மழைநீர் தேங்கும். மரத்துகள் ஊறிய அந்தக் கலங்கல் நீர்தான் பைன் ஹோவர்ஃபிளை ஈயின் தொட்டில்.

அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈ இனத்தைச் சேர்ந்தது இது. அறிவியல் பெயர் பிளேரா ஃபேலக்ஸ். கறுத்த உடல், வயிற்றின் நுனியில் மட்டும் செம்மை. கோடையில் ரோவன், ராஸ்பெரிப் பூக்களில் உணவெடுக்கும். புழுக்கள் குழிநீரில் பெருகும் பாக்டீரியாக்களைத் தின்று, வால்பக்கக் குழாயால் மூச்சுவிட்டு, குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்கும். பிறகு வெளியேறி, அருகிலேயே கூட்டுப்புழுவாகும். கிழமரம் இருந்தவரை இந்தச் சுழற்சிக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

காடு சுருங்கியது. வெட்டிய மரங்கள் ஸ்பே ஆற்றில் மிதந்து கடலோரம் போயின. இரண்டு உலகப் போர்களும் பெருமளவில் பைன் மரங்களைக் கேட்டு வாங்கின. பழைய காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு சதவீதமே. புதிதாக நட்ட தோப்புகளிலோ, வைரம் மட்கும் வயது வருவதற்குள் மரத்தை அறுத்துவிடுகிறார்கள். சிறுத்த அடிக்கட்டையில் குழியும் விழாது, நீரும் நிற்காது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் இந்த ஈ கெயர்ன்கார்ம்ஸ் வட்டாரத்தின் ஓரிரு இடங்களில் மட்டுமே மிஞ்சியது.

இன்று பூஞ்சையின் வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். பெரிய அடிக்கட்டைகளில் ரம்பத்தால் குழி வெட்டி, மரச்சீவலும் நீரும் நிரப்பி வைக்கிறார்கள். ஸ்காட்லாந்து அரச விலங்கியல் சங்கம் கிங்க்ரெய்க் அருகிலுள்ள தன் வனவிலங்குப் பூங்காவில் புழுக்களை வளர்த்து, ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டது. 2022-இல், ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு, வளர்ந்த பைன் ஹோவர்ஃபிளை மீண்டும் காட்டில் கண்ணில் பட்டது.

மனம் நிறையும் செய்திதான். ஆனால் வெட்டிய குழி சில ஆண்டுகளில் வறண்டுபோகும், தூர்ந்துபோகும். மறுபடி வெட்ட வேண்டும். இந்த ஈக்குத் தேவை கிழமரங்கள். இன்று நிற்கும் பைன் மரங்களில் சிலவற்றையாவது முதிரவும், முறியவும், மட்கவும் விட்டுவைக்க வேண்டும். பட்ட மரத்தையும் மட்கிய கட்டையையும் குப்பை என்று அகற்றும் வழக்கம் நிற்காதவரை, பூங்காவில் வளர்க்கும் எந்தப் பூச்சியும் காட்டில் நிலைக்காது.